மூன்று நாள் கடல், ஒரு மீசை

முதல் நாள். வெள்ளி இரவு, வேதாரண்யம்

கிளம்பும்போது அம்மா சொன்ன ஒரே புத்தி இதுதான்: "அக்கம்பக்கத்துல கடலுக்குப் போறோம்னு சொல்லாத. நாகூர், வேளாங்கண்ணின்னு சொல்லு."

எங்கள் வீட்டில் கடலுக்கு அவ்வளவுதான் மரியாதை. நீடாமங்கலத்திலிருந்து கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் ஊரில் பேச்செல்லாம் மேட்டூரில் எத்தனை அடி, கல்லணையில் எத்தனை கனஅடி, வெண்ணாற்றில் தண்ணீர் வந்ததா என்பதுதான். ஜூன் 12 அணை திறப்பு, ஜனவரி 28 மூடல், நடுவில் குறுவை, சம்பா, தாளடி. அதற்கு அப்பால் அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கேட்கவும் பிடிக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன நாள் அது. அம்மா அன்றிலிருந்து கடற்கரையில் பஜ்ஜி சாப்பிட்டதுகூட இல்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அத்தை மகன். அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஏழு வருஷம் டைவிங் கடை ஒன்றில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு வந்தவன் பெட்டியைத் திறந்தால் மூன்று மாஸ்க், மூன்று ஸ்நார்க்கல் குழாய். "அத்தான், நம்ம கடல்ல ஒரு தடவையாவது தலைய உள்ள விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்றான். இல்லை. நாற்பத்து நாலு வயது. கணுக்கால் வரைக்கும்தான் கணக்கு.

ஆக, நான், மாப்பிள்ளை, ஆறாவது படிக்கும் என் மகள். பழைய மாருதி. தரங்கம்பாடி, கோடியக்கரை, மனோரா. மாசி மாதம். வழியெல்லாம் சம்பா அறுவடை முடிந்து தாளுக்குள் உளுந்து முளைத்துப் பச்சை கட்டியிருந்தது. டிபிசி என்கிற நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் மட்டும் நெல் மூட்டை இன்னும் மலைபோல். ரோட்டில் காயும் நெல்லுக்கு வழிவிட்டு வழிவிட்டுத் தரங்கம்பாடி சேர ஒன்பதரை.

பெயர்ப்பலகைகளில் 'அலை பாடும் ஊர்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையிலேயே இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்'. எனக்கென்னவோ இந்தப் பெயரில்தான் ஊர்வாசனை அடிக்கிறது. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றோம். செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி நிறம். அலை ஒவ்வொன்றும் ஆள் உயரம். கரையில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி அது, மூஞ்சிக்கு மூடியா?"

"கடலுக்குள்ள பாக்கறதுக்குங்க ஐயா."

"இங்கயா? இங்க தலைய விட்டா மணலுதான் தெரியும். அலை தூக்கி அந்தக் கோட்டை மேல போட்டுட்டுப் போயிடும்."

கோட்டைக்குள் போனோம். வேறு வழி?

டேன்ஸ்போர்க். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்களுக்கு இடம் கொடுக்க, ஓவ கெட என்ற கப்பல் தளபதி எழுப்பியது. நாயக்கர் அந்த மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடியில் இருப்பது கோட்டை மட்டும். உள்ளே செங்கல் வளைவுகளும் சுண்ணாம்புக் காரையுமாகக் குளிர்ச்சியான அறைகள். கடல் பக்கத்துச் சாளரத்தில் நின்றால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. தஞ்சாவூரில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு இந்தக் கரை ஒரு கோடி. கப்பலில் வந்தவனுக்கு இதுதான் வாசல். 225 வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

ராஜ வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். அடுத்த வருஷமே, முப்பத்தாறு வயதில் இறந்துபோன சீகன்பால்கு பாதிரியார் அதற்குள்ளேதான் அடங்கியிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய அந்த ஜெர்மானியர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம், சீமையிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் மூடி என்று சொல்வார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாரில் பட்டறையே போட்டார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. மகளிடம் மூடிக் கதையைச் சொன்னபோது, "அப்ப 'ழ'வுக்கு எவ்ளோ சீஸ் ஆயிருக்கும்?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை.

அப்பா சின்ன வயதில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயிலில் வந்திருக்கிறார். 1926இல் போட்ட பாதை, எண்பதுகளின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். அவருக்குக் கோட்டை ஞாபகமில்லை. ரயிலில் வாங்கித் தின்ற வேர்க்கடலை ஞாபகமிருக்கிறது.

அங்கிருந்து தெற்கே காரைக்கால். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். நாங்கள் பெட்ரோல் போட மட்டும் நின்றோம். நாகூரில் வாடாவும் உள்ளடமும். அரிசிமாவு வடையின் உச்சந்தலையில் ஒரு இறால் உட்கார்ந்திருந்தால் வாடா, தனியாகத் தொட்டுக்கொள்ள வதங்கிய வெங்காயம் உள்ளடம். நான்கு தின்றேன்.

நாகப்பட்டினத்தில் கரிக்கோப்புக் கல்லறைத் தோட்டம். டச்சுக்காரன் 'கெர்க்ஹோஃப்' என்று சொன்னது நம் வாயில் கரிக்கோப்பு ஆகிவிட்டது. 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அவர்கள் ஊரைப் பிடித்தார்கள். 1781இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். அதாவது இன்று மத்தியானத்துக்குள் டேனிஷ், பிரெஞ்சு, டச்சு என்று மூன்று ராஜ்யம் கடந்திருக்கிறோம். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் இருக்காது. இவர்களுக்கெல்லாம் முந்தி, இதே நாகையில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடு, டச்சுக்காரர் கையோடு ஹாலந்தின் லெய்டனுக்குப் போனது தனிக்கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் வேதாரண்யம் போய்ச் சேர மாட்டேன்.

இரவு விடுதிக் குளியலறையில் ஒத்திகை நடந்தது. வாளி நிறையத் தண்ணீர். மாஸ்க்குக்குள் எச்சில் துப்பி விரலால் தேய்க்க வேண்டும், அப்போதுதான் கண்ணாடியில் ஆவி படியாது. மகள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். அவளுக்கு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. எனக்கு மூன்று எண்ணுவதற்குள் மூக்குவரை நிறைந்துவிட்டது. மறுபடி. மறுபடியும் நிறைந்தது.

மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "ரப்பர் தோல்ல ஒட்டணும் அத்தான். உங்களுக்கு மீசையில ஒட்டுது. முடி வழியா தண்ணி வருது."

அவன் ஏன் அந்தமான் போனதிலிருந்து மீசையில்லாமல் திரிகிறான் என்பது இன்றுதான் புரிந்தது. வடநாட்டு மோகம் என்று இத்தனை நாள் கேலி செய்திருக்கிறோம்.

இரண்டாம் நாள். சனி இரவு, மறுபடி வேதாரண்யம்

திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். அணையப்போன விளக்குத் திரியைத் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மகாபலி ஆன கோயில். நெய் தின்ன வந்த எலிதான், புண்ணியம் செய்ய வரவில்லை. இந்தக் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஐந்தரைக்கே கிளம்பிக் கோடியக்கரை. அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைக் காரை நிறுத்தி மகளுக்குக் காட்டினேன். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து வந்தவர்கள் 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடம். சர்தார் வேதரத்தினம் பிள்ளை வழிநடத்திச் சோறு போட்டதற்காக ஜெயிலுக்குப் போனார். ரோட்டுக்கு இருபக்கமும் உப்பளம். மழைக்காலத்தில் ஊறிக் கிடந்த பாத்திகளை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சேடை மிதிப்பது மாதிரியே இருந்தது, ஆனால் எதிர்க்கணக்கு. நாங்கள் மண்ணைக் குழைப்பதற்கு மிதிப்போம். இவர்கள் தண்ணீர் உள்ளே இறங்காமல் இறுக்குவதற்கு மிதிக்கிறார்கள்.

காட்டு வாசலில் சீட்டு வாங்கினோம். வழிகாட்டியாக வந்த அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து முதலில் சொன்னது, "மானைப் பாத்தா கதவைத் தொறக்காதீங்க." 1967இல் வெளிமானுக்காகவே சரணாலயமாக அறிவித்த காடு இது. நான் மனதில் வைத்திருந்தது மிருகக்காட்சிசாலையில் பார்த்த தூங்குமூஞ்சி மான்.

புல்வெளி திறந்ததும் அண்ணன் கையைக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கறுப்புக் கோடு அசைந்தது. கலை, அதாவது ஆண்மான். முதுகு கன்னங்கரேல், வயிறு வெளேர், யாரோ அளவெடுத்துப் பிரித்துச் சாயம் தோய்த்த மாதிரி. கொம்பு திருகித் திருகி மேலே போகிறது, நாதஸ்வரத்துக்கு மரம் கடைகிறவன் கடைந்ததுபோல. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அது எங்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. பின்னால் பழுப்பு நிறத்தில் ஏழெட்டுப் பிணைகள். ஒன்று என்ன நினைத்ததோ, நின்ற இடத்திலிருந்தே நாலு காலும் ஒன்றாய்க் கிளம்ப மேலே எம்பியது. ஓடுவதற்காக எம்பவில்லை, சும்மா எம்பியது. அடுத்தது எம்பியது. கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல வரிசையாக எல்லாம் எம்பி எம்பிப் புல்லுக்குள் போய் மறைந்தன. காருக்குள் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளைதான், "அந்தமான்ல இது இல்ல" என்றான். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருவது இதுவே முதல் தடவை.

காட்டுக்குதிரைகளும் பார்த்தோம். எப்போதோ யாரோ விட்டுப்போன வீட்டுக்குதிரைகளின் வம்சம். மானுக்குப் போட்டியாக மேய்கின்றன என்று அண்ணனுக்கு அவற்றின் மேல் வருத்தம். குதிரையைவிட எனக்கு உறுத்தியது சீமைக்கருவேல். பாலை மரங்களுக்கு நடுவில் அது நுழைந்திருக்கிற நுழைச்சல்! 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த பெரிய மரங்களின் கட்டைகள் இன்னும் அங்கங்கே வெளுத்துக் கிடக்கின்றன. வெளிச்சம் விழுந்த இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது கருவேல்தான்.

பறவைக்குத்தான், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் ஒப்பந்தத்தில் 2002இல் இந்த இடம் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைக் காலில் வளையம் மாட்டிக் கணக்கு எழுதுகிறார்கள். பூநாரைக்கு இது சீசனின் வால். உப்பளத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ரோஸ் கோடு. இரவல் பைனாகுலரில் பார்த்தபோது கோடு கால்களாகப் பிரிந்தது. தலையைக் கவிழ்த்து, அலகையும் தலைகீழாக வைத்துத் தண்ணீரை அரித்துத் தின்கின்றன. நான் பார்க்கும்போது ஒன்றுகூடப் பறக்கவில்லை. மகள் பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டதும் அத்தனையும் எழுந்ததாம். இறக்கைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பாம்.

இராமர் பாதம் என்கிற மேட்டில் ஏறினோம். மேடு என்றால் நம்மூர்க் களத்துமேடு அளவு, ஆனால் காட்டிலேயே அதுதான் உயரம். ராமர் இங்கிருந்துதான் இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. அண்ணன் அங்கே நின்று ஒரு விஷயத்தைக் கையால் வரைந்து காட்டினார். சென்னையிலிருந்து நேர்தெற்காக வரும் கரை இந்த இடத்தில் சடாரென்று மேற்கே மடங்குகிறது. அதனால்தான் கோடி. "அந்தப் பக்கம் வங்கக்கடல், அலை அடிக்கும். இந்தப் பக்கம் பாக் நீரிணை, குளம் மாதிரி கிடக்கும். ரெண்டும் ஒரே கடல் இல்ல தம்பி."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நாளைக்கு மனோரா அந்தக் குளத்தின் கரையில்தான்.

கோடியக்கரைத் தண்ணீரில் மாஸ்க் போட்டுப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு என் வலது கால் பதில் சொன்னது. முழங்கால் வரை சேறு. செருப்பைத் தோண்டி எடுத்தோம். தை, ஆடி அமாவாசைக்கு ஆதிசேது என்று ஆயிரக்கணக்கில் வந்து இங்கே எப்படித்தான் முழுக்குப் போடுகிறார்களோ. குழகர் கோயிலுக்குப் போனபோது, சுந்தரர் இந்தச் சாமியைப் பார்த்து, இப்படிக் கடற்காற்று அடிக்கும் கரையில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று இரங்கிப் பாடியது நினைவுக்கு வந்தது. காலில் சேறோடு நின்றவனுக்கு அந்த இரக்கம் நியாயமாகப் பட்டது.

கடற்கரையில் வனத்துறையின் ஆமைக்குஞ்சுப் பொரிப்பகம். பங்குனி ஆமை இட்ட முட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவந்து வேலிக்குள் மணலில் புதைக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு அட்டை, அட்டையில் தேதியும் எண்ணிக்கையும்: 112, 98, 121. நாற்றங்காலில் நெல் ரகத்தை எழுதி நட்டிருக்கும் குச்சி மாதிரி. குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வேலிக்கு வெளியே சற்றுத் தள்ளி ஒரு தாய் ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. மூச்சு விட மேலே வர முடியாமல் வலையில் மாட்டியிருக்கும் என்றார் அண்ணன். ஓட்டின் மேல் சிப்பி ஒட்டியிருந்தது. மகள் அதன் கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வேதாரண்யத்தில் சலூன். தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்துத் தோற்ற பிறகு எடுத்த முடிவு. "மீசையை எடுத்துடுங்க" என்றதும் சலூன்காரர் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். குரலைத் தணித்து, "அப்பாவா?" என்றார்.

"அப்பா நல்லா இருக்காருங்க."

"அப்ப அம்மா...?"

"ஐயோ, எல்லாரும் இருக்காங்க. இது மீன் பாக்கறதுக்கு."

அவர் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். காசைக்கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் வாங்கினார்.

மூன்றாம் நாள். ஞாயிறு இரவு, வீடு

விடிகாலை முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குள் போட்டில் கூட்டிப் போவதாக ஒத்துக்கொண்டவர் போனை எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தேன். ஜாம்பவானோடைப் படகுத்துறையில் ஒரு மணி நேரம் நின்றோம். கோபம் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் அந்த ஆறு.

அது கோரையாறு. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிறதே, அதே கோரையாறு. சின்ன வயதில் மதகிலிருந்து குதித்து அம்மாவிடம் அடி வாங்கிய ஆறு. கூடவே பிரியும் பாமணியாறும் லகூன் என்கிற இதே உப்பங்கழியில்தான் வந்து கலக்கிறது. எத்தனை தடவை அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டிருப்பேன். எல்லாம் இங்கேதான் வந்திருக்கும். அணை மூடி மூன்று வாரமாகிவிட்டதால் ஆற்றில் இப்போது இருப்பது கடல் ஏறி வந்த உப்புத் தண்ணீர். கரையில் மூச்சுவேர்கள் நாற்று நட்டதுபோல நட்டுக்குத்தலாக நின்றன. மாப்பிள்ளை ஓர் அலையாத்தி இலையைப் பறித்துப் பின்பக்கத்தை நக்கச் சொன்னான். உப்பு. வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. மகள் நாலைந்து இலையை நக்கிவிட்டு, மாங்காய் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். "தில்லை இலைய மட்டும் தொட்டுடாத, அது பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை.

அதிராம்பட்டினம் தாண்டி, ஒன்பது மணிக்கு மனோரா.

தென்னந்தோப்பு முடிகிற இடத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு அறுகோணமாக எட்டடுக்கு. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நன்றிச் சின்னமாக, 1814இல் இரண்டாம் சரபோஜி கட்ட ஆரம்பித்தது. தஞ்சாவூர் ராஜாவுக்கும் நெப்போலியனுக்கும் என்ன வாய்க்கால் தகராறு என்று நம்மவர் கேட்பார்கள். அதற்கு விடை முதல் நாள் பார்த்த ஊரில் இருக்கிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார்தான் சிறுவன் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்து படிக்க வைத்தவர். சித்தப்பாவிடமிருந்து சிம்மாசனத்தை மீட்டுக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர். மீட்டுக் கொடுத்த கையோடு 1799இல் ராஜ்யத்தை எழுதி வாங்கிக்கொண்டதும் அவர்களே. கோட்டை மட்டும் மிஞ்சிய ராஜா, வென்றவன் பெயரில் கோபுரம் கட்டுகிறார். அதைக் கல்லிலும் பல மொழியில் வெட்டிவைத்திருக்கிறார். நன்றியா, முன்ஜாக்கிரதையா என்று அந்தக் கல்லைப் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை. சரஸ்வதி மகாலுக்கு அத்தனை நூல் சேர்த்த மனிதர் என்பதால் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுத்துவிட்டேன். மேல்மாடிகள் பூட்டியிருந்தன.

கடல் அசையவே இல்லை. அலை என்ற பெயருக்கு விளிம்பில் ஒரு சுருக்கம். கரையோரம் முழுக்கப் பழுப்பு நிறக் கடற்புல் ஒதுங்கி, வைக்கோல் போர் பிரித்த மாதிரி கிடந்தது. நண்டு வலை எடுக்கப் போகும் ஃபைபர் போட்டுக்காரர் ஒருவர், எங்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் இன்ஜினை இழுத்தார்.

"மார்கழி, தையில வந்திருந்தா ஒண்ணும் தெரியாது. வாடைக்காத்து கலக்கிவுட்டுடும். ஆத்துத் தண்ணியும் வந்து வுழும். இப்பதான் தெளியுது. வெயில் ஏறினா காத்து வந்துடும், சட்டுனு பாத்துட்டு ஏறிடுங்க."

இருபது நிமிஷம் போய் இன்ஜினை அணைத்தார். இறங்கினேன். கால் தரையில் நின்றது! கரை தென்னைமர உயரத்துக்குச் சுருங்கிப்போயிருக்கிறது, தண்ணீர் என் நெஞ்சு வரைதான்.

துப்பினேன், தேய்த்தேன், மாட்டினேன், குனிந்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

முதலில் பச்சை மூட்டம். குழாய் வழியே என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. கையை நீட்டினால் விரல் தெரிந்தது, அதற்கு மேல் இரண்டு முழம். அந்தமான் என்று நினைத்து வந்திருந்தால் அழுதிருக்கலாம். பிறகு கீழே பார்த்தேன். வயல். சத்தியமாக வயல்தான். ஒரு முழ உயரத்தில் புல், தூர் கட்டி, பயிர் கட்டி, காற்றில் சம்பாப் பயிர் சாய்வதுபோல மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிர்ந்தது. தாள் ஒவ்வொன்றின் மேலும் தூசி படிந்த மாதிரி சேறு. ஊதிவிட்டால் பச்சை. தாளுக்கும் தாளுக்கும் நடுவில் கண்ணாடி போல உடம்புள்ள இறால் குஞ்சுகள், உள்ளே குடல் ஒரு கறுப்பு நூலாகத் தெரிய, ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஆடின. மணல் திட்டில் ஒரு கடல் அட்டை, கருகிப்போன வாழைக்காய் போல. அதைத் தொடவே கூடாது, 2001 முதல் அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மகள் என் தோளைப் பிறாண்டினாள். அவள் காட்டிய இடத்தில் நீலக்கால் நண்டு ஒன்று இரண்டு கொடுக்கையும் விரித்துக்கொண்டு எங்களைச் சண்டைக்குக் கூப்பிட்டது.

கொஞ்சம் தள்ளி, அந்த வயலுக்குள் ஒரு வெற்றுத் தடம். ஒரு சாண் அகலம், பாம்பு போல நெளிந்து போகிறது. அதில் மட்டும் புல் வேரோடு இல்லை. தலையைத் தூக்கிப் போட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆவுளியா மேஞ்ச தடம்."

கடற்பசு. மாடு மாதிரியே மேயும், நாளைக்கு 30, 40 கிலோ புல் வேண்டும். அதற்காகத்தான் 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரைக்கும் இந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே கடற்பசுவுக்கு முதல் பாதுகாப்பகம். மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து, நங்கூரம் இழுத்த தடமாகவும் இருக்கலாம் என்றான். போட்டுக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "நங்கூரம் நேரா இழுக்கும் தம்பி. இது மோந்து மோந்து போயிருக்கு." அவர் சித்தப்பா காலத்தில் கறிக்காக அடித்துத் தின்றிருக்கிறார்களாம். இப்போது வலையில் மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களுக்கு வனத்துறை சன்மானம் கொடுக்கிறது. "வலை போனா போவுது. அது குட்டிக்குப் பால் குடுக்கறப்ப பாத்திருக்கேன். அதுக்கப்புறம் மனசு வராது" என்றார்.

மறுபடி குனிந்து அந்தத் தடத்தின் மேலேயே கொஞ்ச தூரம் மிதந்து போனேன். வரப்போரமாக நம் வயலில் மாடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தால் நான் இந்நேரம் கத்தியிருப்பேன். இங்கே அந்தத் திருட்டு மாடு திரும்பி வராதா என்று பச்சை மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பதினோரு மணிக்குக் காற்று எழுந்தது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் கலங்கி, என் கையே எனக்குத் தெரியவில்லை.

பட்டுக்கோட்டையில் சாப்பாடு, மன்னார்குடியில் காபி. பின்சீட்டில் மகள் மாஸ்க்கைக் கழற்றாமலே தூங்கினாள்.

வீட்டு வாசலில் அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஈசிசேரிலிருந்த அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேய்," என்றார், "நான் இன்னும் இருக்கேன்டா."